நூற்றிருபது தாம்பூலப் பைகள்

எங்கள் தையல் வகுப்பில் என்ன தப்பு நடந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் தயாராக இருந்தார். ஊசி உடைந்ததா, அவர்தான். பாபின் காணாமல் போனதா, அவர்தான். துணி வெட்டும் கத்தரிக்கோலால் யாரோ காகிதம் வெட்டி மழுக்கிவிட்டார்களா, அதுவும் அவர்தான். மிஸ் தலையைத் தூக்கி "யாரு?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் ஜன்னலோர மெஷினிலிருந்து பதில் வந்துவிடும்.

"நான்தான் மிஸ்."

ஒரு நாள் கரண்ட் போனது. மூன்று மெஷினும் நின்றன. "இதுவும் நீங்கதானா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, நான்தான் புடுங்கிட்டேன். செத்த இரு, மாட்டி வுட்டுட்டு வரேன்" என்றார் அவர். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பெயரை வேண்டிய மட்டும் இழுத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து இழுக்க வேண்டாம். வகுப்பில் அவர் வெறும் அக்கா. மிஸ்ஸுக்கு இருபத்துமூன்று வயது. அக்காவுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. மிஸ்ஸும் அவரை அக்கா என்பாள். அவர் மிஸ்ஸை, எழுந்து நிற்காத குறையாக, மிஸ் என்பார்.

வகுப்பு முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் நடந்தது. மூன்று மெஷின், ஒரு நீள மேஜை, ஆறு பெண்கள். கீழே வீட்டுக்கார அம்மாள். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் தெருவில் அதைச் சொல்தா வீடு என்பார்கள், அந்த அம்மாளை மதாம் என்பார்கள். நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை மதியமானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்குத் தையல் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு. அதனாலேயே வகுப்பில் எனக்குத்தான் எல்லாம் தெரியும். வாரத்துக்குப் பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்து, மிஸ் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பக்கத்து மெஷின்காரிக்குப் பாடம் எடுக்கிற ரகம் நான். பக்கத்து மெஷின் அக்காவுடையது.

அக்கா தவளக்குப்பத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்துக்காரர். கணவர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் வெளியூரில் வேலை. அக்கா தினம் பஸ் ஏறி வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கிற வேலை செய்தார். துணியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது, மடிக்கும். மேஜை மேல் கிடக்கும் துண்டுத் துணி, யாரோ கழற்றிப் போட்ட துப்பட்டா, ஜன்னல் திரைச்சீலை, எதுவானாலும் நாலு மூலையும் ஒன்று சேர்ந்து அடங்கி உட்கார்ந்துவிடும்.

முதல் பாடமே பைதான். துணியில் ஒரே அளவாக இரண்டு துண்டு வெட்டு, வாய்ப்பக்கம் மடித்து அடி, கைப்பிடி இரண்டையும் வைத்துத் தை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி துண்டுகளைச் சேர்த்து மூன்று பக்கமும் ஓட்டு, திருப்பிப் போடு. மிஸ் சொல்லும்போது ஐந்து நிமிட வேலை. எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. திருப்பிப் போட்டபோது ஒரு கைப்பிடி பைக்கு வெளியேயும் இன்னொன்று பைக்கு உள்ளேயும் தொங்கின.

"மெஷின்ல டென்ஷன் சரியில்ல மிஸ்" என்றேன்.

நூலின் இறுக்கத்துக்கும் கைப்பிடி உள்ளே போனதற்கும் என்ன சம்பந்தம் என்று மிஸ் கேட்கவில்லை. நல்ல பெண். என்னிடம் எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். நூல் மட்டம், துணி வழுக்குகிறது, வெளிச்சம் போதவில்லை, பக்கத்தில் பேசிவிட்டார்கள். ஆபீசில் பன்னிரண்டு வருடம் இருந்தவளுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை.

அக்கா தன் முதல் பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார். நாலு பக்கமும் மூடிய பை. அதைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க, பஸ்ல எவன் வந்தாலும் இதுல கைய வுட முடியாது. நான்தான் தெச்சேன்." அப்புறம் உட்கார்ந்து பிரித்தார். தையல் பிரிப்பது எங்களுக்கெல்லாம் தண்டனை. அவர் அதையும் கீரை ஆய்வதைப் போல நிதானமாகச் செய்வார். பிரித்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் மறுபடி மெஷினில் கை வைப்பார்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது விடுதிக் கதை ஒன்று சொன்னார். வெளிநாட்டுக்காரர் தங்கியிருந்த அறையில் ஒரு கண்ணாடிச் சாடி உடைந்துவிட்டது. உடைத்தது கூட வேலை செய்த பெண். மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, யார் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணி இரண்டரை ஆகிவிட்டது. ஒருத்தரும் சாப்பிடவில்லை.

"நான்தான் சார்னு சொல்லிட்டேன். ரெண்டு வார்த்தை திட்டுனாரு. போயி சாப்புட்டோம்."

"உடைக்காததுக்கு எதுக்குக்கா திட்டு வாங்கணும்?" என்றேன்.

"ஒருத்தி ஒத்துக்கிட்டா எட்டு பேரு சோறு துன்னலாம்ல" என்றார். அவ்வளவுதான் அவருடைய நியாயம். தியாகம், பெருந்தன்மை என்றெல்லாம் அவர் மேல் நான் ஏற்றி எழுதினால் அவரே சிரிப்பார். வேலை நின்றுபோகக் கூடாது, ஆட்கள் நின்றுகொண்டே இருக்கக் கூடாது. அதற்கு ஒருவர் தலையை ஆட்டினால் போதும் என்றால், ஆட்டிவிட்டுப் போவோம் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் எனக்கும் ஒரு தடவை லாபம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை பாத்ரூம் குழாயை மூடாமல் வந்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. மதாம் முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி மாடிக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார்.

"மோன் தியே! யாரு குழாயத் தொறந்து வுட்டது? டேங்க்ல ஒரு சொட்டு இல்ல!"

நான் சொல்லத்தான் நினைத்தேன். வாயைக்கூடத் திறந்தேன் என்றுதான் ஞாபகம். அதற்குள் அக்கா, "நான்தான் மதாம், மறந்துட்டேன்" என்று எழுந்துவிட்டார். மதாமின் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் விட்டு, மோட்டார் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அது நான்" என்றேன் மெல்ல.

"தெரியும். ஈரக் கையோட வந்தது நீதானே."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது என்பதை இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

அந்த வருடம் அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா தூக்கி வளர்த்த பெண். ஊரில் அத்தைக்குக் கல்யாணத்தில் எத்தனையோ வேலை உண்டு. நலங்கு வைக்கலாம், தட்டு எடுக்கலாம், ஆரத்தி சுற்றலாம். கணவன் இல்லாத அத்தைக்கு அதில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அக்கா குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை வந்ததும் வராததுமாக மிஸ்ஸின் முன்னால் போய் நின்றார்.

"மிஸ், கல்யாணத்துல வெத்தல பாக்கு தேங்கா போட்டுக் குடுக்கற பை, அத நாம தெய்க்க முடியுமா? நூத்தி இருவது பை."

"தெய்க்கலாமே அக்கா. நம்ம தெய்க்கற பைதானே, கொஞ்சம் சின்னதா வெட்டணும். எல்லாருக்கும் பழகின மாதிரியும் ஆச்சு" என்றாள் மிஸ்.

அக்கா முகம் பூராவும் சிரிப்பு. மெஷினில் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் குனிந்து சொன்னார். "அண்ணியோட அம்மா வேணாம்னுதான் சொன்னாங்களாம். கல்யாணத்துக்கு வரவங்க கையில போற பொருளு, அவ கைப்படக் கூடாதுன்னு. அண்ணி சண்ட போட்டிருக்காங்க. துணிப்பையில என்னாம்மா இருக்குது, அத்தக்காரிக்கு ஆச இருக்காதான்னு கேட்டிருக்காங்க. யாரு தெச்சதுன்னு பைய பாத்தா தெரியவா போவுது? ஆனா எனக்குத் தெரியுமில்ல."

அந்த அண்ணியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். கெட்ட மனுஷி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

துணியை அக்காவே தேடி வாங்கினார். சந்தன நிறக் காடாத் துணி. அதில் அரக்குச் சிவப்பில் வரிசை வரிசையாகக் குத்துவிளக்குகள் அச்சிட்டிருந்தன. ஒவ்வொரு விளக்கிலும் ஐந்து முகம், ஐந்திலும் சின்னச் சுடர். மேஜை மேல் விரித்ததும் நாங்கள் ஆறு பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மிஸ்கூட, "பையா தெய்க்க மனசு வரல அக்கா, பாவாட தெச்சிடலாம் போல இருக்கு" என்றாள்.

வெட்ட வேண்டிய சனிக்கிழமை மிஸ்ஸுக்குப் பரீட்சை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை. நானும் அக்காவும்தான். அக்கா அட்டையில் அளவு வரைந்து தயாராக வைத்திருந்தார், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று வழக்கமான இரண்டு துண்டு.

நான் முந்தின வாரம் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் இரண்டு துண்டு இல்லை. ஒரே நீளத் துண்டாக வெட்டி, அடியில் மடித்துவிட்டால் அடித்தையலே வேண்டாம். தேங்காய் கனத்துக்கு அடி பிரியாது. நூற்றிருபது பைக்கு நூற்றிருபது தையல் மிச்சம். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அக்காவிடம் விளக்கினேன்.

அவர் துணியை மடித்துப் பார்த்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"மிஸ் வந்ததும் ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"இதுக்கு எதுக்குக்கா மிஸ்? நான் சொல்றேன்ல. இன்னிக்கு வெட்டினாத்தான் முடிக்க முடியும்."

"இல்லம்மா, நாம தெச்சதெல்லாம் வெறுந்துணி. படம் போட்ட துணிக்கும் இப்பிடித்தானா?"

"எல்லாத் துணிக்கும் ஒண்ணுதான்க்கா."

இதைச் சொல்லும்போது நான் துணியைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். யாருக்கு, என்ன பதில் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் இல்லை. அவர் கேட்டது மட்டும் சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு எங்கோ இடித்திருக்கிறது. ஒரு நிமிடம் துணியை நானே மடித்துப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் விளக்கு வரிசையை நடுவில் மடித்தால், ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் கவிழ்ந்து தொங்கும்.

அக்கா வெட்டினார். நான் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஏன் ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அது பை தைத்தவர்களுக்குத்தான் புரியும். நீளத் துண்டாக மேஜையில் கிடக்கும்போது எல்லா விளக்கும் ஒரே திசையில்தான் பார்க்கின்றன, உறுத்தாது. அடுத்து வந்த நாட்களில் ஒருத்தி வாய்ப்பக்கம் மடித்து அடித்தாள், ஒருத்தி கைப்பிடி வைத்தாள். அப்புறம் நல்ல பக்கத்தை உள்ளே வைத்து மடித்து, பக்கத் தையல் ஓட்டியபோது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது துணியின் வெளிறிய உள்பக்கம் மட்டும்தான். மிஸ் பரீட்சைகளெல்லாம் முடிந்து வந்தபோது பாதிப் பைகள் உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து அடுக்கியாகிவிட்டது. அடியில் தையல் இல்லாததைப் பார்த்து, "மடிச்சு வெட்டினீங்களா? நல்ல ஐடியாதான்" என்றாள். அக்கா என்னைக் காட்டி, "இவங்க யோசன மிஸ்" என்றார். நான் தலையை ஆட்டி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். திருப்பிப் போடுகிற வேலையை மட்டும் கடைசி நாளுக்கு வைத்தோம். திருப்பினால் அழுக்காகும், மொத்தமாகத் திருப்பி உடனே கொடுத்துவிடலாம் என்று மிஸ் சொன்னாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் கூடி உட்கார்ந்து திருப்பினோம். வேகமாகத் திருப்புகிற யாரும் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. வாய்க்குள் கையை விட்டு மூலையைத் தள்ளி, மேலாக நீவி, என்னிடம் போடுவார்கள். நான் இரண்டாக மடித்து அடுக்குவேன். பைகளை வாங்கிப்போக அண்ணி வந்தார். கல்யாண வீட்டு அலைச்சலில் தலை கலைந்து, ஆனால் நல்ல சிரிப்போடு வந்தார். முதல் பையைக் கையில் எடுத்து, "அட, கடையில வாங்கின மாதிரி இல்ல இருக்குது!" என்றார். அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வெட்கப்படும் பதினாறு வயதுப் பெண் மாதிரி கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி பையைத் திருப்பினார்.

அப்புறம் இன்னொரு பையை எடுத்துத் திருப்பினார். இன்னொன்று. நான்காவதை மேஜை மேல் போட்டார். அரக்குச் சிவப்பில் ஒன்பது குத்துவிளக்கு, பீடம் மேலே, சுடர் கீழே.

"என்னாது இது? வெளக்கு எல்லாம் கவுந்து கெடக்குது? யாரு வெட்டுனது இத?"

அக்கா வழக்கம்போல உடனே சொன்னார். "நான்தான் அண்ணி."

மிஸ் பதறிப்போய் ஏதேதோ வழி சொன்னாள். அடி மடிப்பில் வெட்டி, பின்பக்கக் கைப்பிடியைப் பிரித்து, துண்டைத் திருப்பி வைத்துத் தைத்துவிடலாம், ராத்திரி பகலாக உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்றாள். அண்ணி காதில் எதுவும் ஏறவில்லை.

"கவுந்தத நிமித்தி வெச்சா கவுந்தது இல்லன்னு ஆயிடுமா? எங்கம்மா தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. நான் கேக்கல. ஒரே ஒரு வேல, ஆசப்பட்டு கேக்கறாளேன்னு வாங்கிக் குடுத்தேன். இப்ப எங்கம்மா மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீ வெளக்கைக் கவுத்து வெச்சிருக்கியே!" சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. ஊசி உடைந்தால் அவர் சொன்ன சொல்லும் இதுவும் ஒரே சொல்தான், ஆனால் அதற்குப் பிறகு இந்தத் தடவை யாரும் போய்ச் சாப்பிடவில்லை, வேலையும் நடக்கவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. அண்ணி படியிறங்கிப் போன பிறகும் பேசவில்லை. மிஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கல்யாணத்துக்குப் போனேன். அக்கா முன்பே பத்திரிகை கொடுத்திருந்தார். வாசலில் பெரிய மார்க்கெட்டில் அவசரமாக வாங்கிவந்த மஞ்சள் பைகளில் தாம்பூலம் கொடுத்தார்கள். அக்கா மண்டபத்தின் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகூர்த்த நேரத்தில் எல்லாரும் அட்சதையோடு எழுந்து முன்னால் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, "சாப்ட்டுட்டுப் போம்மா" என்றார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. ஜன்னலோர மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஊசி உடைந்தபோது நாங்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மெஷினைக் குறை சொன்னேன்.

நான் செய்தது சின்னத் தப்பு என்று எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். யோசனைதான் என்னுடையது, வெட்டியது அவர். கேட்டது யார் வெட்டியது என்றுதான், யார் சொல்லி வெட்டியது என்று இல்லையே. அவரே ஒத்துக்கொண்ட பிறகு நான் நடுவில் புகுந்தால் அவரைப் பொய்க்காரி ஆக்கியதாகாதா? இப்படி ஆபீஸ் கோப்பில் எழுதுவதைப்போல அடுக்கி வைத்துக்கொண்டு ஐந்தாறு மாதம் ஓட்டினேன்.

பங்குனி வாக்கில் மிஸ்தான் சொன்னாள். கல்யாணமான பெண்ணுக்கு முதல் கர்ப்பம் நிலைக்கவில்லையாம். அதற்கும் பைதான் காரணம் என்று அண்ணியின் அம்மா சொல்ல, வீட்டில் எல்லாரும் சொல்ல, அக்காவின் அண்ணன் இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தங்கைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாராம். ஆசுபத்திரியில் போய்ப் பார்க்கவும் விடவில்லையாம். மிஸ் இதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் போனேன். தவளக்குப்பம் சந்திப்பில் வழி கேட்டு, உள்ளே திரும்பி, வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா" என்று எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இளைத்திருந்தார். கோபமாக இருப்பார், அழுவார், பேசமாட்டார் என்று என்னென்னவோ நினைத்துப் போயிருந்தேன். அவர் என் ஆபீசைப் பற்றிக் கேட்டார், மிஸ் பரீட்சையில் பாஸ் பண்ணினாளா என்று கேட்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அக்கா, நான் உங்க அண்ணி வீட்டுக்குப் போறேன். மடிச்சு வெட்டச் சொன்னது நான்தான்னு சொல்லிடறேன். நீங்க ரெண்டு தடவ கேட்டதையும் சொல்றேன்."

அவர் ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டார்.

"வேணாம்மா."

"இல்லக்கா, என்னால முடியல. இத வெச்சிக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல."

"இப்பப் போயி நீ சொன்னா, நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பினேம்பாங்க. செஞ்சதும் இல்லாம அடுத்தவங்க மேல பழி போடறா பாருன்னு, அது வேற வரும்."

அது உண்மை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கே நான் சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க. வெளியாளு, படிச்ச பொண்ணு. யாருன்னே தெரியாத நீ தப்பா சொல்லிட்டேன்னா அது வெறுந் தப்புதானே. பைய மாத்திக்கிட்டுப் போயிருப்பாங்க."

அவர் முறத்தைத் தட்டிச் சமன்படுத்திக்கொண்டே சொன்னார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"நான் மொதல்ல உன்னத்தாம்மா பாத்தேன். நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ குனிஞ்ச தல நிமிரல. அப்புறம்தான் நான் சொன்னேன்."

அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. மகனோடு வெளியூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

'அக்கா வழக்கம்போல உடனே சொன்னார்' என்று மேலே எழுதியிருக்கிறேன். இத்தனை நாளும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். உடனே இல்லை. அண்ணி கேட்டதற்கும் அவர் பதில் சொன்னதற்கும் நடுவில் நான் மூன்று பைகளை மடித்து அடுக்கினேன்.